ஊதாமல் இருக்கும் வித்தை

மார்ச் 3
இடம் கிடைத்துவிட்டது! ஊருக்கு வெளியே எழும்பிக்கொண்டிருக்கும் சிப் தொழிற்சாலைக்கு உள்ளூர் ஆட்களைத் தயார் செய்யும் பயிற்சியில் நானும் ஒருத்தி. தேறினால் அங்கேயே வேலை. தேறாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு, கணவர் வேலை பார்க்கும் தூர நகரத்துக்குக் குடிபோக வேண்டியதுதான். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

அண்ணன் கடையில் இத்தனை வருஷம் செல்போன் பழுது பார்த்த கை இது. "இதெல்லாம் நீ ஊதித் தள்ளிடுவே" என்றான் அண்ணன். பாராட்டா, கிண்டலா?

மார்ச் 10
தலை முதல் கால்வரை வெள்ளை உடை. கண் மட்டும் வெளியே. பவுடர் பூசக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது. காற்றைக்கூடச் சலித்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். என்ன இடம்டா இது! சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

மார்ச் 19
தொலைந்தேன்.

வேஃபர் என்று, கண்ணாடிபோல் மின்னும் மெல்லிய வட்டத் தகடு. அதைக் காற்றால் உறிஞ்சிப் பிடிக்கும் பேனாவால் எடுத்து அடுத்த பெட்டியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எடுத்தேன். ஓரத்தில் ஒரு பொட்டுத் தூசி. முகமூடி போட்டிருப்பதையும் மறந்து — ஃபூ!

கடையில் எந்த போனைத் திறந்தாலும் முதலில் ஊதுவோம். அண்ணன் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

எங்கள் பயிற்சியாளர் மேடம் மூச்சை மிச்சம் பிடித்துப் பேசுவார். 'அரைமூச்சு' என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் திட்டவில்லை. "தூசியை நீங்க விரட்டலம்மா, எச்சிலையும் சேர்த்து அனுப்பிட்டீங்க. அழுக்கு தெரிஞ்சா அப்படியே நின்னு என்னைக் கூப்பிடுங்க" என்றார். இறுதித் தேர்வில் ஊதினால் வெளியேதானாம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். நான் சங்குகூட இல்லாமல் கெடுத்தேன். ஐயோ, பழக்கத்தை எங்க போய்க் கழட்டி வைக்கிறது?

மார்ச் 20
இனி வீட்டிலும் எதையும் ஊதுவதில்லை. டீ தானாக ஆறும்வரை காத்திருந்தேன். மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து ஊதச் சொன்னாள். விசிறிவிடட்டுமா என்று கேட்டேன். அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தாள்.

ஏப்ரல் 2
நாளை தேர்வு. வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 3
தூசி இருந்தது! வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், பாவிகள். உதடு குவிந்தே விட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேனாவை ஆடாமல் பிடித்தபடி, "மேடம், தூசி" என்றேன்.

அரைமூச்சு குனிந்து பார்த்தார். பிறகு முழு மூச்சு விட்டுச் சிரித்தார்.

தேறிவிட்டேன்! வெளியே வந்ததும் கணவருக்கு போன் போட்டேன். "நாங்க அங்க வரலை. நீங்கதான் இங்க வரணும்" என்றேன். மனுஷர் சிரித்த சிரிப்பில் காது அடைத்துவிட்டது.

மே 11
வேலையில் சேர்ந்து ஒரு வாரம். அடுத்த பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லக் கடைக்குப் போனேன். நான் ஊதி மாட்டிக்கொண்ட கதையையும் சொன்னேன். வயது வரம்பு உண்டா என்று அண்ணன் சும்மா கேட்பதுபோல் கேட்டான். இல்லை என்றேன்.

டீ வந்தது. கொதிக்கக் கொதிக்க இருந்தது. அண்ணன் தன் கிளாஸை எதிரே வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடி, அது ஆறும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.