கழுவிய தண்ணீர்

மார்ச் 4, திங்கள்

தட்டுகளில் வளர்த்த குடல் செல்களின் மேல் வயிற்றுப்போக்குக் கிருமியை விட்டிருந்தோம். ஒரு வரிசைக்கு மட்டும், கிருமியைத் தடுக்குமா என்று பார்க்க, குடலுக்கு நல்லது செய்யும் ஈஸ்ட்டும் சேர்த்தோம். ஈஸ்ட் இல்லாத வரிசையில் கிருமி அட்டையாக ஒட்டியிருக்கிறது. ஈஸ்ட் சேர்த்ததில் — ஒன்றுமே இல்லை! துடைத்துவிட்ட மாதிரி. நிஜமா? கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நிஜம்தான். வெள்ளிக்குள் ஏதும் தேறாவிட்டால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்த துறைத் தலைவரிடம் ஓடினேன். மனுஷன் சிரித்தார்! இந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

மார்ச் 5

தலையில் இடி. என்னோடு வேலை செய்யும் அக்கா, டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறாள்: "ஈஸ்ட் தட்டெல்லாம் ஒரே கலங்கலா இருந்துச்சுடி, பார்க்கவே சகிக்கல. அதான் அதை மட்டும் இன்னும் நாலு தடவை நல்லா கழுவிட்டேன்."

ஐயோ! ஒட்டாத கிருமி போவதற்குத்தானே அளவாகக் கழுவுவது? ஒட்டினதையும் சேர்த்துப் பிய்த்துவிட்டாளே, சுத்தக்காரி! பாத்திரமா அது?

"நல்லதுன்னு நெனச்சுதாண்டி செஞ்சேன்..." அழுதுவிட்டாள். அவளை என்ன சொல்ல.

மார்ச் 6

தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். கழுவிக் கழுவி ஊற்றினார். இங்கே எல்லாருமே கழுவுவதில் கெட்டிக்காரர்கள்தான். வெள்ளிக் கெடு அப்படியே நிற்கிறது.

மார்ச் 7

புதிதாகப் போட்ட எல்லாத் தட்டையும் நானே, ஒரே மாதிரி கழுவினேன். ஈஸ்ட் வரிசையில் கிருமி பாதிதான். அப்பாடா! சரி, மீதி எங்கே போச்சு? செத்துப்போச்சா? கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

கடவுளே. உருண்டை உருண்டையாய் ஈஸ்ட். ஒவ்வொன்றையும் சுற்றிக் கிருமி, சர்க்கரையை மொய்த்த எறும்பு மாதிரி. உயிரோடுதான் இருக்கின்றன, துடிக்கின்றன! ஈஸ்ட் கொல்லவே இல்லை. செல்லைப் பிடிக்க வேண்டிய கையால் ஈஸ்ட்டைப் பிடித்து மாட்டிக்கொண்டு, அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டன.

இதையா இத்தனை மாசமா சிங்க்ல ஊத்தினோம்? அடிப்பாவி, கண்ணு எங்கடி வெச்சிருந்த என்று என்னையே திட்டிக்கொண்டேன். உட்காரக்கூட முடியவில்லை.

மார்ச் 8, வெள்ளி

தலைவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பார்த்தபடியே சொன்னார்: "நானும்தாம்மா இந்தத் தண்ணியை சிங்க்ல ஊத்தியிருக்கேன், காலம்பூரா." மூடும் பேச்சு எழவில்லை.

மார்ச் 11

அக்கா இன்று தட்டுகளைக் கழுவிவிட்டு, கலங்கல் தண்ணீர்ப் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அறை நடுவில் நிற்கிறாள். ஊற்றவும் பயம், கீழே வைக்கவும் பயம்.

"ஏய், இதை எங்கடி வெக்கட்டும்?"