நீ நாகப்பட்டினம் போயிருப்பதாகச் சொல்லிவிட்டேன்

என் பிரியமுள்ள பாக்கியம்,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ உயிரோடு இருப்பதாக, நான் இப்போது குடியிருக்கிற காஜா பெராங் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். தங்கச்சி பிரசவத்துக்காக நாகப்பட்டினம் போயிருக்கிறாய், அடுத்த கப்பலில் வந்துவிடுவாய் என்று. உனக்குத் தங்கச்சியே கிடையாது என்பது வேறு விஷயம்.

அரை வழுக்கையும் முழுத் தொந்தியுமாக இருக்கிற ஒருவன் இப்படிப் புளுகலாமா என்று கேட்பாய். இடுப்பில் கையை வைத்துக்கொண்டுதான் கேட்பாய். கேள், ஆனால் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு. இந்தப் பத்திரிகையில் வாராவாரம் ஊரைக் கிண்டல் செய்து பிழைக்கிறவன் நான். ஒரு வாரம் என் மானம் போகட்டும். வாசகர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். உனக்கென்ன கூச்சம்? நம் சண்டையையே உஜோங் பாசிர் முழுக்கக் கேட்கிற மாதிரி நடத்தியவள்தானே நீ.

உஜோங் பாசிர் வீட்டை நானாக விட்டேன் என்று நினைத்துவிடாதே. விட வைத்தார்கள். மெர்டேக்கா, விடுதலை என்று திடலில் நின்று தொண்டை கிழியக் கத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று நீ பாயசம்கூட வைத்தாய். அவன் முழுசாகப் போகவில்லை, பாக்கியம். சுங்கை ஊடாங் பக்கம் பட்டாளத்து முகாம் எழும்புகிறது. அங்கே குடியிருப்புகள் முடிகிறவரை சார்ஜென்டுகள் எல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊருக்குள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். ஆண்ட காலத்தில் பங்களாவில் இருந்தவன், சுதந்திரம் கொடுத்த பிறகு என்னுடைய இரண்டு அறை வீட்டுக்குப் போட்டிக்கு வருகிறான். இதற்கா பாயசம் வைத்தாய்?

நம் வீட்டுச் சொந்தக்காரர், அந்தச் சீனத் தவுக்கே, ரொம்ப நல்ல மனிதர் என்று நீ சொல்வாய். நல்ல மனிதர்தான். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் காலி செய்யச் சொன்னார்.

“பட்டாளம் ஆள் ரெண்டு மடங்கு கொடுக்குது. நீ ஒரு ஆள். ஒரு ஆளுக்கு எதுக்கு இவ்வளவு வீடு?” என்றார்.

அந்த ‘ஒரு ஆள்’ என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே பழத்தை உரித்துத் தின்றேன். புளித்தது.

காலி செய்த பிறகு ஒரு தடவை அந்த வழியாகச் சைக்கிளில் போனேன். நீ துணி காயப்போடுகிற கம்பியில் வெள்ளைக்காரக் குழந்தையின் சட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. கடல் காற்று நேராக அடிக்கிற ஓரத்தில் படுக்கை விரிப்புகளைப் போட்டு, சின்னத் துணிகளை உள்பக்கம் போட்டிருந்தாள் அந்த அம்மாள். நீயும் அப்படித்தான் போடுவாய். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? சைக்கிளை விட்டு இறங்காமல் வந்துவிட்டேன். இறங்கினால் உள்ளே போய்விடுவேன் போலிருந்தது.

பிறகு ஆரம்பித்தது வீடு தேடுகிற படலம். தரகர் முத்தையாவைத் தெரியுமல்லவா? மழையோ வெயிலோ குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிவானே, அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் முன்னால், நான் பின்னால். காலையில் ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கினால் மத்தியானம் அட்டை இருக்காது. பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். வாசலில் செருப்புகளைப் பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எல்லாரும் வீடு பார்க்க வந்தவர்கள்!

வீட்டுக்காரரின் மனைவிதான் விசாரித்தார்.

“குடும்பம் எத்தனை பேருங்க?”

“நான் ஒருத்தன்தாங்க.”

“வீட்ல அவங்க?”

“தவறிட்டாங்க.”

“அடடா! வயசும் ஆகலியே. உட்காருங்க, பசியாறிட்டுப் போங்க.”

பசியாறினேன். வீடு எனக்குப் பின்னால் வந்த புருஷன் பெண்டாட்டிக்குப் போயிற்று. இடியப்பம் உன்னுடையதைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடி கேட்டு வாங்கித் தின்றேன்.

குருபோங்கில் ஒரு வீடு. ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. இங்கேயாவது போட்டி இருக்காது என்று போனால், அங்கேயும் எனக்கு முன்னால் ஆள் நிற்கிறது. வீட்டுக்காரர் தோட்டத்தில் கூலிகளை மேய்த்த பழைய மண்டோர். தனி ஆள் என்றதும் மீசையைத் தடவினார்.

“தனி ஆம்பளைக்கு விட்டா சீட்டாட்டம் ஆரம்பிச்சிடும்.”

“எனக்குச் சீட்டாடவே தெரியாதுங்க.”

“கத்துக்குவீங்க.”

பஸ் போகிற சடக்கு ஓரத்துக் கடையில் கோப்பி குடித்துக்கொண்டே முத்தையா எனக்கு உபதேசம் செய்தான். “அண்ணே, போற எடத்துல எல்லாம் சாவுச் செய்தி சொன்னா எவன் வீடு கொடுப்பான்? உங்களுக்கு வாயும் நிக்க மாட்டேங்குது. அண்ணி ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுங்களேன்.”

“எந்த ஊருக்குடா?”

“எந்த ஊரா இருந்தா என்ன? திரும்பி வர்ற ஊரா சொல்லுங்க.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான்தான் கோப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

இதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் காஜா பெராங் வீடு. பலகைச் சுவர், ஓட்டுக்கூரை, இரண்டு அறை, பின்னால் கிணறு. வீட்டுக்கார அம்மாள் செட்டிக் கம்பத்தைச் சேர்ந்தவர், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர் வம்சம். அவர்களைப் பற்றி நீ எப்போதும் அதிசயப்படுவாயே, சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய் என்று. கைலியும் கெபாயாச் சட்டையும் அணிந்து, கொண்டையில் ஊசி குத்தி, கையில் சாவியோடு வாசலுக்கு வந்தார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், என் மனைவி இந்தியா போயிருக்கிறாள், அடுத்த கப்பலில் வருகிறாள், அவளுக்குக் கிணற்றடி உள்ள வீடுதான் பிடிக்கும் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

பொய் சொன்னால் நாக்கு குழறும் என்பார்கள். எனக்குக் குழறவில்லை, பாக்கியம். உன்னைப் பற்றி அவ்வளவு சுகமாக நான் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

சாவி என் கைக்கு வந்தது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. அந்த அம்மாள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். காலையில் நான் அச்சுக்கூடத்துக்குப் புறப்படும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: “பினி பிலா பாலிக்?” பெண்டாட்டி எப்போது திரும்பி வருகிறாள் என்று. குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்பேன். பிறந்துவிட்டது, தாய்க்கு உடம்பு சரியில்லை என்பேன். கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்பேன். இல்லாத தங்கச்சிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததும் நான் செய்ததுதான். வெற்றிலை மடித்து வைத்துக்கொண்டு அந்த அம்மாளும் சளைக்காமல் கேட்பார். பெயர் வைத்தாயிற்றா? யார் சாயல்?

ஒரு நாள் ஆளை அழைத்துவந்து அடுப்பு மேடையைத் திருத்திக் கட்டச் சொன்னார். உன் உயரம் என்ன என்று கேட்டார். என் தோளுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினேன். கை அங்கேயே நின்றுவிட்டது. வெறும் காற்றில்தான் வைத்திருந்தேன், ஆனால் எடுக்க மனசு வரவில்லை. கொத்தனார் இருமிக் காட்டிய பிறகுதான் எடுத்தேன்.

உன் படத்தை என்ன செய்வது என்பது பெரிய தலைவலியாகிவிட்டது. மாலையோடு மாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் மாலை தெரியாதா? மாலையைக் கழற்றினேன். கண்ணாடியில் இருந்த சந்தனப் பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். மாட்டிவிட்டுப் பார்த்தால், பாக்கியம், நீ ஸ்டுடியோவிலிருந்து அப்போதுதான் வந்த மாதிரி இருந்தாய். “சீக்கிரம் எடுங்க, அடுப்பில் குழம்பு இருக்கு” என்று அந்தப் படம்பிடிக்கிறவனை நீ அதட்டினாயே, அந்த முகம்.

அப்புறம் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. பத்திரிகையில் கப்பல் வருகிற செய்தியைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டது, பினாங்கு வந்தது, போர்ட் சுவெட்டன்ஹாம் வந்தது. அது வந்து சேர்கிற நாளன்று வீட்டைக் கூட்டிக் கழுவினேன். மேல்சட்டை மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் வாசலில் ஒரு வாடகைக் காடி நின்றது. எழுந்தே விட்டேன்! அடுத்த வீட்டுக்கு யாரோ வந்தார்கள். உன் தையல் இயந்திரத்தை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அங்கேதான் வைப்பாயா, இல்லை வாசல் அறையிலா?

இப்படியே ஓட்டியிருப்பேன். ஆனால் முத்தையா இருக்கிறானே! போன மாதம் ஒரு நாள் கக்கத்தில் குடையும் பின்னால் சிவந்த முகத்துச் சார்ஜென்டுமாக அதே வீட்டுக்கு வந்து நிற்கிறான்.

“என்னடா இது?”

“தொழில் வேற, சிநேகம் வேற அண்ணே. தொரை நல்ல வாடகை தர்றாரு. உங்களுக்கு வேற எடம் பாத்துத் தர்றேன்.”

வேலியருகே பேச்சு நடந்தது. தொகையைக் கேட்டதும் அந்த அம்மாள் ஒரு நிமிஷம் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். அந்தக் கூரை ஒழுகுவது எனக்குத் தெரியும். மழை பெய்தால் உள்ளே வாளிகள் வைக்கிற சத்தம் என் அறைவரைக்கும் கேட்கும். பிறகு என்னைப் பார்த்தார். முத்தையாவிடம் திரும்பி மலாயில் சொன்னார். எனக்குக் காதில் விழுந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

“இவன் பெண்டாட்டி கடல்ல வந்துகிட்டிருக்கா. அவ பெட்டியோட வந்து இறங்கி, வீடு இல்லாம நடுச்சடக்குல நிக்கணுமா? போ, போ.”

முத்தையா என்னைப் பார்த்தான். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். ஒரு நல்ல பொம்பளை, ஒழுகுகிற கூரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, வராத உனக்காக வீட்டைக் காவல் காக்கிறாள். இனியும் சும்மா இருந்தால் நான் மனிதனா?

சொல்லிவிடுவது என்று போனேன். வேலிவரைக்கும் போய்த் திரும்பினேன். மலாயில் அந்த வார்த்தை எனக்குத் தெரியும். தினமும் காதில் விழுகிற வார்த்தைதான். என் வாயில்தான் வரவில்லை. நீ போனபோதுகூட ஊராருக்குச் சொன்னதெல்லாம் என் மச்சான்தான். பத்து பெரெண்டாமில் சொன்னேனே என்கிறாயா? அது முன்பின் தெரியாதவர்கள் வீடு. இந்த அம்மாளுக்கு உன்னைத் தெரியும்.

கடைசியில் கோயில் பக்கம் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்தேன். சந்தனம் கரைத்துப் படத்தில் பொட்டு வைத்தேன். மாலையைப் போட்டேன். வேலியருகே போய், “கொஞ்சம் உள்ளே வாங்கம்மா” என்று எனக்குத் தெரிந்த மலாயில் கூப்பிட்டேன். நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்து, கொண்டையைச் சரி செய்துகொண்டு சிரித்த முகமாக வந்தார்.

வாசல்படியிலேயே நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பிலா?” என்றார். எப்போது? தினமும் கேட்கிற கேள்வியில் பாதிதான் கேட்டார்.

“போன தைப்பூசத்துக்கு முன்னால” என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்தார். முதலில் கொஞ்சம் அழுதார். கண்ணைத் துடைத்ததும் ஆரம்பித்தார் பார், அந்தத் திட்டை நீ கேட்டிருந்தால் கூடச் சேர்ந்துகொண்டிருப்பாய்.

“உனக்கு மண்டையில ஏதாச்சும் இருக்கா? நான் கோயிலுக்குப் போறப்பல்லாம் அந்தக் கப்பலுக்கு வேண்டிக்கிட்டேன். காத்து அடிக்கக் கூடாது, கடல் பொங்கக் கூடாதுன்னு. யாருக்கு வேண்டிக்கிட்டேன் நான், சொல்லு?”

மூக்கைச் சிந்திவிட்டு வாடகைக்கு வந்தார்.

“பட்டாளத்துக்காரன் தர்றேன்னதை இனிமே நீ குடு. அந்தப் பொம்பளைக்காகத்தான் கொறச்சலா விட்டு வச்சிருந்தேன்.”

சரி என்றேன். எழுந்து போகும்போது படம் கோணலாக இருக்கிறது என்று நேராக்கிவிட்டுப் போனார்.

ஆக, வாடகை ஏறிவிட்டது. நீ இல்லாததற்கு இப்போது மாதாமாதம் கையை நீட்டிக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டுக் கூரையில் புது ஓடு ஏறுகிறது. அதற்குக் கோபப்படாதே.

மறுநாள் காலை சைக்கிளை எடுத்தேன். அந்த அம்மாள் வேலியருகே துணி உலர்த்திக்கொண்டிருந்தார். தலையை மட்டும் அசைத்தார். நீ எப்போது வருவாய் என்று யாரும் கேட்கவில்லை. நான் சைக்கிள் காற்றைச் சரிபார்ப்பது போலக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கேட்கவே இல்லை. உஜோங் பாசிரில் நீ போனபோது தெருவே கூடி அழுதது. காஜா பெராங்கில் நீ போனபோது, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் ஒருவன்தான் நின்றேன்.

இனி உன்னைக் கடலில் அலைக்கழிக்க மாட்டேன், பாக்கியம். இது சத்தியம். நாளைக்கு இந்த வீட்டையும் எவனாவது கூடக் கொடுத்துப் பிடுங்கிக்கொள்ளலாம். அப்போது எந்த வாசலில் போய் நின்றாலும், என் மனைவி இறந்துவிட்டாள் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். நீ இருக்கிற இடத்தில் வீட்டுக்கு அலைச்சல் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் காற்றோட்டம் பார்த்து ஒன்றைப் பிடித்து வை. நான் வந்து பாதி வாடகை கொடுக்கிறேன்.

வேறு போக்கிடம் இல்லாமல் நீ கட்டிக்கொண்ட
உன் அத்தை மகன்

பி.கு. எனக்கு முன்னால் காஜா பெராங் வீட்டில் வெகுகாலம் குடியிருந்தவர் கல்யாணமே ஆகாத தனி ஆள். அன்று வீடு பார்க்கப் போகிற வழியிலேயே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, முத்தையா அதை எனக்குச் சொல்லியிருந்தான்.