முனைவர் என்று சொல்லிவிட்டேன்

இன்று மதியம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அவித்த வேர்க்கடலை வாசனை, நம் மல்லாட்டை. வாங்கத் தயங்கி நின்றேன். நேர்காணலுக்குப் போனவள் வாங்கக் கூடாது, கூட வந்தவள்தான் வாங்க வேண்டும் என்பது நம் வழக்கம். கூட வர நீ இல்லை.

விழுப்புரத்தில் ஏறியதும் நேர்காணலுக்குப் போகிறவளுக்கு ஜன்னலோரம். பக்கத்தில் இருப்பவள் முதலாளியாக நடித்துக் கேள்வி கேட்பாள். நீ முதலாளியானால் மடியிலிருக்கும் கைப்பையை விரலால் தட்டிக்கொண்டே இருப்பாய்.

“ஏம்மா, டாக்டர் பட்டம் வாங்கிக்கினு இங்க வந்து பில் போடுவியா? நாளைக்கே காலேஜுல கூப்ட்டா ஓடிடுவியே!”

“கூப்ட மாட்டாங்க சார்.”

நடத்துநரும் சிரித்திருக்கிறார்.

பிறகு நீ பட்டத்தை மறைத்தாய். பன்னிரண்டாவது என்று சொல்லிப் பாத்திரக்கடையில் சேர்ந்தாய். கல்லூரியில் உன்னிடம் படித்த பெண் ஒருத்தி குக்கர் வாங்க வந்து, கல்லா முன்னால் கைகட்டி நின்றுவிட்டாள். “மேடம், நீங்களா!” நீ படித்ததற்காக அல்ல, மறைத்ததற்காகத்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அன்று சொன்னாய்: “மறைக்கறது பேஜாருடி. தெனம் பயந்துக்கினே இருக்கணும். கேட்டா, காலேஜுல கூப்ட்டா போவேன், சொல்லிட்டுப் போவேன், அதுவரைக்கும் ஒழுங்கா செய்வேன்னு சொல்லிடணும்.”

அதை எங்கும் சொல்ல உனக்கு வாய்க்கவில்லை. அதற்குள் காய்ச்சல்.

உன் ஊர் கெடாரில் கண்ணீர் அஞ்சலி பேனர். உன் பெயரைவிடப் பெரிதாக ‘முனைவர்’. “நான்தாம்மா பெருசா போடச் சொன்னேன்” என்றார் உன் அப்பா.

இன்று டைல்ஸ் கடையில் நேர்காணல். அம்மாவின் முழங்கால் இனி வயல் வேலைக்கு ஆகாது. எனக்கு இந்த வேலை வேண்டும். முனைவர் என்று சொல்லிவிட்டேன். முதலாளி பேனாவால் மேசையைத் தட்டினார். ஏறக்குறைய உன் கேள்வி. சிரிப்பை அடக்கிக்கொண்டு உன் பதிலைச் சொன்னேன்.

“சொல்லிட்டுப் போவியா? இங்க பத்தாவது படிச்சவனே சொல்லாமதாம்மா போறான்.” பேனாவை மூடினார். “திங்கக்கிழமை வந்துடு. டைல்ஸ் பாக்க வர்றவங்களுக்குப் பாடம் எடுத்துக்கினு நிக்காத.”

சந்தோஷப்பட வேண்டும். அசதியாக இருந்தது.

கடைசியில் நானே மல்லாட்டை வாங்கினேன். பேருந்தில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஓர் அம்மா கேட்டார்:

“இங்க யாருனா வர்றாங்களா?”

“இல்லம்மா, உக்காருங்க.”

நகர்ந்து வழிவிட்டேன். பொட்டலத்தை அவரிடமும் நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு என் மடியைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். என் விரல்கள் கைப்பையைத் தட்டிக்கொண்டிருந்தன.