மற்ற எல்லாம் கடைசியில்

வைகாசி 6, செவ்வாய்

வெயில் கொடுமை. கை வியர்த்துப் பென்சில் வழுக்குகிறது. எழுத்து ஏறி இறங்கிப் போகிறது. படிக்கப் போவதும் நான்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பெயரில் வரும் ‘ழு’ மட்டும் இன்று அழகு! நாலு தரம் எழுதினேன்.

மகள் செல்வி இட்லியைத் தொடவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் புரோகிராம் அவள் வேலை. அந்தப் புரோகிராமை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர் ஓட வேண்டுமாம், உப்பளத்தில் வரப்பு கட்டிப் பாத்தி பிரிப்பது போல. சிப்புக்கு அந்தத் திறமை உண்டு. உண்டு என்று ஒரு பட்டியல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத மாதிரிதான்.

வெள்ளிக்குள் ஓடாவிட்டால் வீட்டிலிருந்து வேலை கிடையாது. பெங்களூர் ஆபீஸ்தான்.

“போனா போறேன்பா.” என் முகம் பார்க்காமல் சொன்னாள்.

புதன்

காற்றே இல்லை. வாங்க: ரப்பர், கோடு போட்ட நோட்டு, மாத்திரை.

பட்டியல் எழுதிவிட்டாள். சோதித்துப் பார்க்கும் கம்ப்யூட்டரில் திரை கறுப்பு. படமே வரவில்லை.

“ஏம்பா குறுக்கும் நெடுக்குமா நடக்குற? ஒக்காரு.”

வியாழன்

பட்டியலை நான் படிக்கத் தமிழில் எழுதிக் காட்டினாள். வரப்பு தாண்டாமல் பார்க்கச் சிப்புக்குள் இரண்டு காவலாம்; எந்தப் பாகம் எந்தக் காவலில் என்று இரண்டு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

1. மற்ற எல்லாம்
2. படம் காட்டும் பாகம்

“என்னாம்மா, மத்தவங்கள மொதல்ல கூப்புட்டுட்ட?”

நான் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தபோது செய்த தப்பு. மூட்டை தைக்கப் பேர் சொல்லி ஆள் பிரித்த பிறகுதான் “மத்தவங்க எல்லாம் உப்பு வாரப் போங்க” என்பது. ஒருநாள் அவசரத்தில் அதை முதலில் சொல்லிவிட்டேன். மொத்தப் பேரும் வாரப் போய்விட்டார்கள். முதலாளி: “யோவ், மூட்டைய நீயா தெக்கப் போற?”

செல்வி சிரிக்கவில்லை. தன் லேப்டாப்பில் எதையோ தேடினாள்.

“அப்பா! ரூல்லயே இருக்குது. ‘மத்த எல்லாம்’ கடைசியிலதான் வரணுமாம். முன்னாடி வந்ததால படமும் அதோட போயிடுச்சு. கண்ணுலயே படல பாரேன்.”

மாற்றினாள். புரோகிராமைச் சிப்பில் ஏற்றும் கிளிப் பிடிக்கவில்லை. உப்புக் காற்றில் அதில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுத்தேன்.

வெள்ளி

வந்துவிட்டது! படமும், உள்ளே இன்னொரு கம்ப்யூட்டரும். செல்வி ஆறு இட்லி.

“இங்கயே இருக்குறேன், சந்தோஷமா? இனிமேலாவது ஒக்காரு.”

முடியவில்லை. திருத்தத்தோடு அனுப்பிய குறிப்பில், தப்பைக் கண்டுபிடித்தவர் என்று என் பெயர் போட்டிருக்கிறாள். இங்கிலீஷில். விரல் வைத்துக் காட்டினாள். ஏழுமலை, தமிழில் நாலு எழுத்து. அதில் எட்டு. எண்ணிப் பார்த்தேன்.

முதியோர் வகுப்பில் அடுத்த வாரம் இங்கிலீஷ் ஆரம்பம். அந்த எட்டையும் இதற்குக் கீழே எழுதுவேன். இடம் விட்டிருக்கிறேன்.