இருந்த வருஷங்களும் கணக்கில் சேரும்

அன்பு மகள் கிரெட்டாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பேசிக்கொள்கிறோம் என்பதையும் சேர்த்தே சுகம் என்கிறேன். வெலிங்டனில் நீயும் உன் முதுகுவலியும் எப்படி? குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

சேதி பெரிது, கை நிற்கமாட்டேன் என்கிறது. செவ்வாயன்று ஊரே ஓட்டுப்போட்டு நம் நகராட்சியை நடத்தும் சாசனத்தைத் திருத்திவிட்டது! நகரத் தேர்தல் இனி ஏப்ரல் சேற்றில் இல்லை, பொதுத்தேர்தலுக்கு எல்லாரும் ஓட்டுப்போட வரும் நவம்பரில். கவுன்சிலர் யாரானாலும் மூன்று தடவைதான், மொத்தம் பன்னிரண்டு வருஷம். திருத்தக் குழுவில் நான் இருந்தது உனக்குத் தெரியும், ஆனால் ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். ஏற்கெனவே இருந்த வருஷங்கள் கணக்கில் சேருமா சேராதா என்று பிப்ரவரியில் குழு நாலுக்கு நாலாகப் பிரிந்து நின்றது, மிச்சம் நான் ஒருத்தி. சேரும் என்றால் உன் அப்பாவின் இருபத்துநாலு வருஷக் கவுன்சிலர் நாற்காலி போய்விடும். நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றேன். தலைவி ஓர்ஃபா விடவில்லை, "நீ ஒதுங்கினா ஈஸ்டர் வரைக்கும் எல்லாரும் இங்கயேதான் உக்காந்திருக்கணும்" என்றாள். பொதுமக்கள் பேசும் நேரத்தில் அப்பா எழுந்தார், எல்லாருக்கும் போல மூன்று நிமிஷம். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், என் பங்கு நேரத்துல டெலியா யோசிக்கட்டும்" என்று என் பேரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். நல்ல கவுன்சிலர்தான், ஆனால் கடைசி மூன்று தேர்தலில் அவரை எதிர்த்து நிற்க ஓர் ஆள் வரவில்லை கிரெட்டா, அது எனக்குப் பெருமையாகத் தெரியவில்லை. சேரும் என்று கை தூக்கினேன். பதினோரு நாள் உப்பைக் கேட்டதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை இல்லை, நான் பயந்தே போனேன்.

இந்தப் புதன் காலை, ஊர் ஓட்டுப்போட்ட மறுநாள், வழக்கம்போல நகர மன்றத்துக்குப் போனவர் திரும்பி வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தார். அவர் வார்டுக்கான வேட்புமனு, என் பெயர் எழுதியிருந்தது. ஆதரித்து ஐம்பது பேர் கையெழுத்துப் போடவேண்டும், முதல் வரியில் அவர் கையெழுத்து. "மிச்சம் நாப்பத்தொம்பது பேரை நீயே புடி. எப்ப காலியாகும்னு காத்திருக்கிற அந்த டாரல் கிம்பிள் கையில வார்டைக் குடுத்துட்டு நான் நிம்மதியா மீன் பிடிக்க முடியாது" என்றார். நாற்காலிக்காகப் புருஷனை விரட்டினாள் என்று ஊர் சொல்லுமே என்றேன். "சொல்லட்டும். இத்தனை வருஷம் என் பேச்சையெல்லாம் எழுதிக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். அழுதுவிட்டேன். உடனே, "மூணே தடவைதான், அதுக்கு மேல உக்காந்தா நானே வந்து நாற்காலிய இழுப்பேன்" என்று வேறு மிரட்டினார். இதுவரை எட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன், கால் தரையில் பாவவில்லை!

உனக்கு எல்லா நலமும் சேரட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. தபால் ஓட்டை அக்டோபரிலேயே அனுப்பிவிடு. ஓட்டுச்சீட்டில் நம் குடும்பப் பெயர் ஹாஸ்லெட் என்று பார்த்ததும் பழக்கத்தில் குறியிட்டுவிடாதே, முன்னால் இருக்கும் பெயரை நின்று படி, அது என் பெயர்.

இப்படிக்கு,
உன் அம்மா
டெலியா ஹாஸ்லெட்