சேறு கிளறும் மீன்

பதிவு 1. நாள் 212, காலை 06:10

அல்லி சுற்றுநிலையம். உயரம் சரி. காற்றழுத்தம் சரி. வடக்குத் தொட்டியில் நீர் வெப்பம் இருபத்தாறு பாகை. தெற்குத் தொட்டி காலி. நிலையத்தில் ஆட்கள்: ஒருவர். நேற்றுவரை இருவர்.

அலுவல் பதிவேடு தனியாக இருக்கிறது, அது தேர்வுக் குழுவுக்கு. இது யார் கையில் கிடைக்கிறதோ அவருக்கு. என் பெயர் அமலோற்பவம், மீன் உடலியல் ஆய்வாளர். கீழே தெரியும் நிலவுக்கு வெண்சங்கு என்று பெயர். அதில் கண்ணாடி மூடுகூரையின்கீழ் ஒரே ஒரு ஏரி வெட்டியிருக்கிறோம். நீர்க்கொடியும் நத்தையும் முன்பே விட்டாகிவிட்டது. குடியேறிகள் கப்பலில் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் ஏரியில் மீன் பெருகியிருக்க வேண்டும்.

ஒரே கெண்டையின் முட்டைகளைப் பங்கு போட்டுக்கொண்டு நானும் என்னோடு இங்கே இருந்த ஆய்வாளர் வடிவாம்பாளும் ஆளுக்கொரு தொட்டியில் வளர்த்தோம். வளர்ச்சியை விரைவாக்கும் கருவி இருந்ததால் தலைமுறைகள் மளமளவென்று ஓடின. அவள் தீனியை மேலே தூவினாள். நன்றாகத் தின்றவற்றை மட்டும் இனம் பெருக்க விட்டாள். அவள் மீனின் வாய் மேல்நோக்கி வந்தது, உடம்பு வெள்ளித் தட்டு மாதிரி ஆனது. நான் தீனியைச் சேற்றில் புதைத்தேன். என் மீனின் வாய் அடியில் இறங்கிக் குழாயாக நீண்டது, ஓரத்தில் மீசை தடித்தது. கெண்டைக் குலத்துக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. என் மீனின் தொண்டைப் பல் நத்தை ஓட்டைத் தூளாக்கிவிடும்.

குழு வடிவின் மீனைத் தேர்ந்தெடுத்தது. பார்க்க லட்சணமாக இருக்கிறதாம். நேற்று அவள் குஞ்சுகளோடும் அதே மாதிரிக் கருவி ஒன்றோடும் ஏரிக்கு இறங்கிவிட்டாள். தோற்றுப்போன என் இனத்தை, கீழே உள்ளது செத்தால் உதவும் காப்பு இருப்பாக வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பது என் வேலை. கேமரா முன்னால் சிரித்தபடி கைதட்டினேன். கேமரா அணைந்ததும் சிரிப்பையும் அணைத்தேன்.

பதிவு 2. நாள் 219, மாலை 17:45

எல்லாம் இயல்பு நிலை. குழு இருக்கும் தரைநிலையத்திலிருந்து வாழ்த்துக் குவிகிறது, எல்லாம் வடிவுக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவள் படத்தை வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு அனுப்பி வைக்கச் சொல்லி என்னிடமே தருகிறார்கள். நான் என்ன தபால்காரியா?

அவள் என்னைவிடப் பதினோரு வயது இளையவள். நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்ளும் கணக்கைச் சாப்பிட்டுக்கொண்டே போட்டுவிடுவாள். அதுகூடப் பரவாயில்லை. போட்டுவிட்டு, "நீங்க சொல்லித் தந்ததுதானக்கா" என்பாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று காலை என் வடக்குத் தொட்டிக்குப் போனேன். வழக்கம்போல எல்லாம் திரண்டு வந்து, வாயைக் குழாயாக நீட்டி என் விரலை உறிஞ்சின. கெண்டைக்கு இரைப்பை கிடையாது. நாள் முழுக்கத் தின்றாக வேண்டும், அதனால் நாள் முழுக்க என் முகத்தையே பார்க்கும். யாருக்கும் வேண்டாத மீனை எதற்கு வளர்ப்பது? வடிகால் அடைப்பைத் திறந்துவிட்டேன். பெரியது, குஞ்சு, முட்டை எல்லாம் உரக் கிடங்குக்குப் போயின. கீரைக்கு நல்லது.

குழுவுக்கு வழக்கமான வரியை அனுப்பினேன்: காப்பு இருப்பு நலம்.

பதிவு 3. நாள் 240, காலை 07:20

ஏரி கலங்கிவிட்டது.

நேற்றுவரை பச்சையாக இருந்த நீர் இன்று காப்பி நிறத்தில் இருக்கிறது. கேமராவில் கிட்டே இழுத்துப் பார்த்தேன். கரையோரமெல்லாம் அடிச்சேறு புகையாக எழும்புகிறது. இது மீன் வேலை. சேற்றை வாயில் உறிஞ்சி, தீனியைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைத் துப்புகிறது. நீர் கலங்கினால் கொடிக்கு வெளிச்சம் போகாது, கொடி செத்தால் உயிர்வளி குறையும், ஏரி நாறிப்போகும்.

மேல்நோக்கிய வாயை வைத்துக்கொண்டு அவள் மீன் சேறு கிளறுகிறதென்றால், மேலே தின்ன ஒன்றுமில்லை, பட்டினியில் அடியைக் குடைகிறது என்று அர்த்தம். இந்த மீன் ஏரியில் பிழைக்காது என்று தேர்வு நடந்த அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்? இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நல்ல பசி எடுக்கிறது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பதிவு 4. நாள் 243, பகல் 11:05

குழு கலவரப்பட்டுக் கிடக்கிறது. நிலையத்தில் மீன்கொல்லித் தூள் அடைத்த கலம் ஒன்று இருக்கிறது. ஏரி கெட்டுப்போனால் மேலிருந்து இறக்குவதற்கென்றே வைத்தது. செவுள் உயிர்வளியை வாங்கினாலும் உடம்பு அதைப் பயன்படுத்தாதபடி இந்தத் தூள் தடுத்துவிடும். கொடிக்கும் நத்தைக்கும் ஒன்றும் ஆகாது. அதை இறக்குவதா என்று குழு என்னிடம் கேட்டது. முதல்முறையாக என்னிடம்.

வடிவு பொது அலைவரிசையில் வந்தாள். குழுவும் கேட்டுக்கொண்டிருந்தது. நத்தை பெருகி நீர்க்கொடியை அரித்துக்கொண்டிருந்ததாம், மீன் இப்போது அந்த நத்தையைத் தின்கிறதாம், அது தீர்ந்ததும் நீர் தெளிந்துவிடுமாம். கொடி ஏற்கெனவே துளிர்க்கிறதாம். சொல்லிக்கொண்டே வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கொஞ்சம் பொறுங்கக்கா. உங்க கையால இதப் பண்ணிராதீங்க."

வெள்ளித் தட்டு மீன் நத்தையை உடைக்கிறதாம். யாரிடம் கதை விடுகிறாள்? தோற்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு. ஒருநாள் அவகாசம் கொடுக்கலாமா என்று குழு கேட்டது. கூடாது என்றேன்.

பதிவு 5. நாள் 243, பகல் 14:30

கலம் கூரைத் திறப்பு வழியே இறங்கியது. குறி தப்பவில்லை. தூள் பரவிவிட்டது.

மேற்பரப்பில் ஒரே கொப்பளிப்பு. எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது.

ஓர் ஓரத்தில், தூள் எட்டுவதற்கு முன் எடுத்த படத்தில், நீர் லேசாகத் தெளிந்திருந்தது. அதைக் குழுவுக்கு அனுப்பவில்லை.

பதிவு 6. நாள் 244, காலை 09:50

இதை உடனே எழுதிவிட வேண்டும். தப்பும் தவறுமாகத்தான் எழுதுவேன்.

வடிவின் நீச்சல் உடையில் ஒரு சின்ன ரேடியோ உண்டு. நிலையம் ஏரிக்கு நேர் மேலே வரும்போது மட்டும் எட்டும், குழுவின் காதுக்குப் போகாது. சற்றுமுன் அதில் வடிவு கூப்பிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, அதெல்லாம் உங்க மீனு. இறங்குததுக்கு முன்னால உங்க தொட்டியிலேருந்து குஞ்சு கொஞ்சம் அள்ளிட்டு வந்தேன். ரெண்டையும் சேத்துத்தான் விட்டேன். என்னோடது மொத வாரமே செத்துப்போச்சு. மேல தின்ன ஒண்ணுமில்ல. உங்களோடதுதான் பொழைச்சுப் பெருசாச்சு. முட்டை போட்டதும் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்கப்புறம் குழுவால மாத்தச் சொல்ல முடியாதுல்லா. முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருப்பேன். உங்க வாய் சும்மா இருக்காது, பொதுவுல போட்டு உடைச்சிருவீங்க. குழு என் மீன்னே நெனைச்சிட்டு இருந்துச்சு, அதான் நேத்து என்னால வாயத் தொறக்க முடியல."

அவள் அழுகிறாளா என்று கூர்ந்து கேட்டேன். அழவில்லை.

"போனது போகட்டும். மேல தொட்டியில உங்க மீனு இருக்குல்லா? அத வச்சுத் தொடங்கிருவோம். உங்களத்தான் எறக்கணும்னு குழுகிட்ட நானே சொல்லுதேன்."

சொல்லாதே என்று கத்தினேன். அதற்குள் நிலையம் நகர்ந்துவிட்டது, ரேடியோ எட்டவில்லை.

சேற்றை உறிஞ்சித் துப்பியது. நத்தையை உடைத்தது. என் மீனைத் தவிர வேறு எது அதைச் செய்யும்? பதிவு மூன்றில் நானே எழுதிவைத்திருக்கிறேன். அவள் மீன், அவள் மீன் என்றே பார்த்தேன்.

பதிவு 7. நாள் 244, மாலை 16:15

குழுவின் செய்தி, முழுவதும்:

"வடிவாம்பாள் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டார். தொடக்கத்திலேயே தங்கள் மீன் இனத்தைத் தேர்ந்தெடுக்காததற்கு வருந்துகிறோம். ஏரியின் பொறுப்பு இனி தங்களுடையது. வாழ்த்துகள். குடியேறிகளின் கப்பலை இதற்கு மேல் தாமதப்படுத்த இயலாது. வடக்குத் தொட்டியில் எத்தனை குஞ்சுகள் தயார் என்று உடனே தெரிவிக்கவும்."

முழுப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். மீன் யாருடையது என்று மூச்சுவிடவில்லை. நான் கேட்டேனா? இவ்வளவுக்கும் பிறகு அவளால் இப்படி இருக்க முடிகிறது. என்னால் முடியாது. இப்போதும் அவள்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நாள் 244, 16:40

மறுபடி கேட்கிறார்கள்.

16:52

தொட்டிக்குப் போய்ப் பார்த்தேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. காலியான தொட்டிக்குள் விரலை நீட்டிக்கொண்டு நின்றேன்.

17:03

கப்பலிலிருந்தும் ஒரு செய்தி வந்திருக்கிறது. யாரோ ஒரு பெண். பெயர் சொல்லவில்லை. "நீங்கதான் மீன் கொண்டு வர்றீங்களாம்மா? எப்ப சாப்பிடலாம்னு பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குங்க."

குழுவுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். காப்பு இருப்பு