தொட்டிக்குள் செங்கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? எனக்கு இந்தக் குளிர் பழகிவிட்டது, கவலை வேண்டாம்.

ஆத்திரம்தான் அடங்கவில்லை. "டீச்சர், உங்க வீட்டுனாலதான் லைன் வீடுங்கள்ல தண்ணி வரல!" என்று எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி எல்லார் முன்னாலும் கத்தினார். நானே கழிப்பறைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். தண்ணீரோடு மிதவையும் மேலே வந்தால்தான் வால்வு மூடும். உள்ளே ஒரு செங்கல் சாய்ந்து மிதவையை அமுக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓயாமல் வழிந்து போய்க்கொண்டிருந்தது. கிராணியிடம் கேட்டால், "தொட்டியில தண்ணி கொஞ்சமா பிடிக்கும், மிச்சமாகும்னு நான்தான்லா வச்சேன்" என்கிறார், பெருமையாக! செங்கல்லை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது தொட்டியில் சத்தம் நின்றுவிட்டது. வீட்டில் வேறு சத்தமே இல்லை. நம் பழைய ரேடியோவைத் இந்த மலைக்கு வரும் தானா ராத்தா பஸ்ஸில் போட்டுவிடுங்கள், அம்மா.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

பிரேமலா